அப்பாவின் வேலை எந்த முகவரியில் இருக்கிறது?

கோலத்தையும் கணினியையும் சேர்த்து இணையத்தில் தேடுகிறவர், உலகின் எந்த மூலையில் உட்கார்ந்து தேடினாலும், கொஞ்ச நேரத்தில் தாம்பரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார். கோலத்துக்கு ஒரு இலக்கணம் உண்டு, அதைக் கணினிக்கும் சொல்லிக்கொடுக்க முடியும் என்று காட்டிய ஓர் ஆங்கில ஆய்வுக்கட்டுரை 1974-இல் வெளியானது. எழுதியவர்கள் மூவர்: கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன். முதல் இருவரும் கணவன் மனைவி. சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் ஆசிரியர்கள். மூன்றாமவர் ராணியிடம் ஆய்வு செய்த மாணவி. பின்னாளில் சென்னை ஐஐடியில் பேராசிரியராக இருந்தவர்.

இரும்புலியூரிலும் பெருங்களத்தூரிலும் குடியிருப்பவர்களுக்கு அந்தக் கல்லூரி புதிதல்ல. ஜார்ஜ் டவுனில் நெருக்கடியில் இருந்த கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. மின்சார ரயிலில் வருகிறவர்களுக்குக் கிழக்குப் பக்கத்தில் இன்றும் காடு மாதிரி தெரிகிறதே, அதுதான். உள்ளே மான் உண்டு என்பது ஊருக்கே தெரியும். உள்ளே என்ன வேலை நடந்தது என்பது அக்கம்பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கிஃப்ட் சிரோமணி புள்ளியியல் பேராசிரியர். ஆனால் புள்ளிவிவரத்தோடு அவர் நிற்கவில்லை. மாமல்லபுரத்துச் சிற்பங்களின் ஆடை அணிகலன்களைப் பற்றி எழுதினார். பல்லவச் சிற்பங்களின் முகத்தையும் உடலையும் அளந்து, அளவுகளை வைத்து அவற்றை ஆராய்ந்தார். சிந்துவெளி முத்திரைகளில் உள்ள குறிகளை எங்கே பிரித்துப் படிப்பது என்று பார்த்தார். திருக்குறளைப் பழங்கால எழுத்துகளில் எழுதிக் காட்டும் ஒரு நூலைச் சக ஆய்வாளர்களோடு 1980-இல் கொண்டுவந்தார். அச்சிட்ட தமிழ் எழுத்தைக் கணினியைக் கொண்டு படிக்கவைக்கும் முயற்சியைப் பற்றி 1978-லேயே ஒரு கட்டுரை. பிராமி எழுத்தைப் படிக்கவைப்பது பற்றி 1983-இல் இன்னொன்று. 1988-இல் காலமானார். அறுபது வயதுகூட ஆகவில்லை.

இத்தனையும் இன்று ஒரே இடத்தில் படிக்கக் கிடைக்கின்றன. சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் கழகத்தின் இணையதளத்தில் அவருக்கென்று தனிப் பகுதி இருக்கிறது. கோலம், கல்வெட்டியல், சிற்ப அளவையியல், தொல்லியல் என்று துறைவாரியாகப் பிரித்து, கட்டுரைகளைப் படமாக எடுத்துப் போடாமல் எழுத்தாகவே தட்டச்சு செய்து அடுக்கியிருக்கிறார்கள். ராணி சிரோமணி பிற்காலத்தில் அந்தக் கழகத்தோடு இணைந்து பணியாற்றியவர், 2019-இல் மறைந்தார்.

தானாக ஏறியதல்ல

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கிடைக்கத் தொடங்கியது 1995 ஆகஸ்ட் 15-இல். சிரோமணி மறைந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு. அவர் தன் கையால் இணையத்தில் ஏற்றியது ஒரு வரிகூட இருக்க முடியாது. இன்று அங்கே இருக்கிற ஒவ்வொரு பக்கத்தையும் பிறகு யாரோ உட்கார்ந்து தேடி, பிரித்து, தட்டி, மெய்ப்புப் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

இது சின்ன விஷயம்போலத் தோன்றும். ஆனால் பெற்றோரை இழந்தவர்கள் பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், குடும்ப ஓய்வூதியம், வங்கிக் கணக்கு என்று அலுவலக வேலைகள் ஒரு வழியாக முடிந்த பிறகு, ஒரு ராத்திரியில் மகனோ மகளோ கைப்பேசியில் அப்பாவின் பெயரைத் தட்டிப் பார்க்கிறார்கள். நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். பாடம் எடுத்தார், பாலத்துக்கு வரைபடம் போட்டார், பத்திரிகைக்கு எழுதினார், நோயாளிகளைப் பார்த்தார். ஏதாவது இருக்குமே! வருவது அதே பெயருள்ள ஒரு ரியல் எஸ்டேட்காரரின் விளம்பரம். ‘இணையத்தில் எல்லாம் இருக்கிறது’ என்று நம்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த இடத்தில் வருவது துக்கத்தைவிடத் திகைப்பு. எல்லாம் இருக்கிறது என்பது சரியல்ல. எதை யார் ஏற்றினார்களோ அதுதான் இருக்கிறது.

சிரோமணிக்கு மூன்று வாய்ப்புகள் ஒன்றாக அமைந்தன. ஆங்கிலத்தில் எழுதினார், அதனால் உலகத்து ஆய்விதழ்கள் அவர் கட்டுரைகளைப் பட்டியலில் வைத்துக் காத்தன. அவர் காலமான அடுத்த ஆண்டே, டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர். நரசிம்மன் பதிப்பில் அவர் நினைவாக ஓர் ஆய்வுத் தொகுதி வெளிவந்தது. அமெரிக்கக் கணித அறிஞர் மார்சியா ஆஷர் 2002-இல் கோலத்தைப் பற்றி எழுதியபோது சிரோமணி தம்பதியின் ஆய்வு அவருக்குக் கைகொடுத்தது. இரண்டாவது, குடும்பத்துக்குள்ளேயே அந்த வேலையின் அருமை தெரிந்தவர் இருந்தார். மூன்றாவது, இடம் கொடுக்க ஒரு நிறுவனம் இருந்தது.

இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கதை மாறியிருக்கும். மூன்றுமே இல்லாதவர்கள்தான் நம்மில் பெரும்பாலோர்.

தமிழில் எழுதியவர்களின் நிலை

ஆங்கிலத்தில் எழுதாத ஆசிரியர்களை எடுத்துக்கொள்வோம். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த ‘கலைக்களஞ்சியம்’ பெ. தூரனின் பெயரோடு சேர்த்து நினைக்கப்படுகிறது, அது நியாயமே. ஆனால் அந்தக் கட்டுரைகளை எழுதியவர்கள் தமிழ்நாடெங்கும் இருந்த ஆசிரியர்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள். தமிழ் வழியில் பட்டப்படிப்பு நடத்துவதற்காக 1970-களில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட கல்லூரி நூல்களும் அப்படித்தான். தாவரவியல், வேதியியல், பொருளாதாரம் என்று எல்லாத் துறைக்கும் நூல் எழுதியவர்கள் ஊர் ஊராக இருந்த கல்லூரி ஆசிரியர்கள். கலைச்சொல்லே இல்லாத இடத்தில் சொல்லைக் கண்டுபிடித்து எழுதினார்கள்.

இவற்றில் கணிசமானவை தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏறிவிட்டன. அது பெரிய காரியம். ஆனாலும் ஒரு தாவரவியல் பேராசிரியரின் மகள் கூகுளில் அப்பாவின் பெயரைத் தட்டினால் அந்த நூல் கண்ணில் படுவது அரிது. நூல் இருக்கிறது, படமாக இருக்கிறது. பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிவிட்டார்கள். உள்ளே உள்ள எழுத்தைத் தேடுபொறி படிக்கும்படி மாற்றவில்லை. அட்டையில் உள்ள பெயர் மட்டும் பட்டியலில் ஏறியிருக்கும். நான்கு பேர் சேர்ந்து எழுதிய நூல் என்றால் உள்பக்கத்துப் பெயர்கள் படத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அச்சுத் தமிழை இயந்திரம் படிக்கவேண்டும் என்று கிழக்குத் தாம்பரத்தில் 1978-இல் முயன்றார்களே, அந்த வேலையின் பலன் இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்கிறது. நம் சொந்த நூல்கள்மீது அதை முழுதாக ஓட்டிப் பார்க்கத்தான் இன்னும் நேரம் வரவில்லை.

பெயரிலும் சிக்கல் உண்டு. நம் ஊரில் அப்பாவின் முழுப்பெயர் பிள்ளையின் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. அப்பா எழுதிய காலத்தில் அவருக்கும் அதே கதிதான். ‘எஸ். ராஜகோபாலன்’ என்று தேடினால் ஓராயிரம் பேர் வருவார்கள். ஆங்கிலத்தில் ஒருவர் பெயரை நான்கு விதமாக எழுதலாம். புனைபெயர் வைத்திருந்தால் இன்னும் மோசம்: எந்தப் பத்திரிகையில் எந்தப் பெயரில் எழுதினார் என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரிந்திருக்கும், சில வீடுகளில் அவர்களுக்கும் தெரியாது.

எழுத்துரு இன்னொரு தலைவலி. ஒருங்குறி பரவுவதற்கு முன், பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தமிழ் தட்டப்பட்டது. அந்தக் காலத்துக் கணினிக் கோப்பை இன்று திறந்தால் ஆங்கில எழுத்துகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். பார்த்தவுடன் ‘கெட்டுப்போன ஃபைல்’ என்று அழித்துவிடுகிறார்கள். உண்மையில் அதில் ஒன்றும் கெடவில்லை. எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் ஐந்து நிமிடத்தில் தமிழாகிவிடும்.

எழுதாமலே உழைத்தவர்கள்

எழுத்தாளருக்காவது பெயர் அச்சாகும். அரசு அலுவலருக்கு? எப்போதாவது உண்டு. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டி, அன்றைய சென்னை மாநிலத்தில் பி.கே. நம்பியார் பொறுப்பில் தேர்ந்தெடுத்த கிராமங்களைப் பற்றித் தனித்தனி அறிக்கைகள் வெளியாயின. கிராமத்துக்குப் போய் விவரம் சேகரித்தவர் யார், முதல் வரைவை எழுதியவர் யார், படம் எடுத்தவர் யார் என்று அவற்றில் பலவும் பெயர் சொல்கின்றன. இணையத்தில் இப்போது அவை கிடைக்கின்றன. தன் தாத்தா ஒரு கிராமத்தில் வீடு வீடாகப் போய் ஏர், மாடு, கடன் எல்லாவற்றையும் கணக்கெடுத்தார் என்று ஒரு பேரப்பிள்ளை தெரிந்துகொள்ள அந்த ஒரு பக்கம் போதும். உழைத்தவர் பெயரைப் போடவேண்டும் என்று அன்று ஒரு மேலதிகாரி நினைத்ததால் கிடைத்த பலன் இது. அரசுத் துறைகளின் இன்றைய அறிக்கைகள் எத்தனையில் களப்பணியாளர் பெயர் இருக்கிறது என்று புரட்டிப் பார்ப்பது நல்லது.

தொழிற்சாலையில் உழைத்தவர்களுக்கு அந்தப் பக்கமும் இல்லை. இரும்புலியூரைத் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் தெற்கே போனால் பெருங்களத்தூர், வண்டலூர். அந்தப் பகுதியில்தான் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்தது. 1961 முதல் அங்கே ஹெரால்டு கார் தயாரானது. இங்கிலாந்தில் இரண்டு கதவோடு வந்த வண்டிக்கு இங்கே நான்கு கதவு வைத்தார்கள்; பிறகு கெசல், ஸ்டாண்டர்டு 2000 என்று வந்து, 1988 வாக்கில் உற்பத்தி நின்றுபோனது. இணையத்தில் இன்று ஹெரால்டுக்கு ரசிகர்கள் உண்டு. பழைய விளம்பரம், விலைப்பட்டியல், மெருகேற்றிய வண்டியின் படம் எல்லாம் கிடைக்கும். அந்தக் கதவைப் பொருத்திய ஃபிட்டர்களின் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் இந்தப் புறநகர்களில்தான் இருக்கிறார்கள். அடையாள அட்டை, பாராட்டுச் சான்றிதழ், தொழிற்சங்கத் துண்டறிக்கை, ஆயுதபூஜையன்று எடுத்த குழுப்படம் ஆகியவற்றுள் ஏதாவது ஒன்று பல வீடுகளில் இன்னும் பீரோவில் கிடக்கும். அவற்றைக் கேட்டு வாங்கித் தொகுக்க ஆள் இல்லை.

கேட்டு வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதற்குச் சான்று புதுச்சேரியில் உண்டு. அங்குள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவித் திட்டத்தோடு, தமிழ்நாட்டுப் பழைய புகைப்பட நிலையங்களைத் தேடிப் போய் அங்கிருந்த படங்களை மின்மயமாக்கினார்கள். படம் எடுத்த குடும்பங்களின் பெயரோடு அவை இப்போது ஆவணமாகிவிட்டன.

சட்டம் யார் பக்கம்?

சரி, பிள்ளைகளே ஏற்றிவிடலாம் என்றால் அங்கே பதிப்புரிமை நிற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி, ஆசிரியர் இறந்து 60 ஆண்டு முடியும்வரை உரிமை அவர் வாரிசுகளுக்கு. முன்பு 50 ஆண்டாக இருந்தது. தாகூரின் நூல்களுக்கு உரிமை முடியும் தறுவாயில் 60 ஆக்கப்பட்டது. 1988-இல் மறைந்த ஒருவரின் எழுத்து 2048 முடிந்த பிறகுதான் பொதுவுடைமை.

வாரிசு என்பவர் ஒருவராக இருப்பதில்லை. மூன்று பிள்ளைகள் என்றால் மூன்று பேருக்கும் பங்கு. ஒருவர் அமெரிக்காவில், ஒருவர் பேச்சுவார்த்தையே இல்லாமல். பதிப்பகத்துக்கு அப்பா எழுதிக்கொடுத்த ஒப்பந்தம் எங்கே என்று யாருக்கும் தெரியாது. வேலையின் பகுதியாக எழுதியது என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, உரிமை பொதுவாக நிறுவனத்துக்கே போகும். பொது நூலகம் தன்னிடம் உள்ள அச்சுப்பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதை ஊருக்கெல்லாம் திறந்துவிட முடியாது. யாரும் பணம் பார்க்காத, யாரும் மறுபதிப்புப் போடாத ஆயிரக்கணக்கான நூல்கள் இப்படித்தான் பூட்டிக் கிடக்கின்றன.

இதற்குத் தமிழ்நாடு கண்ட வழி நாட்டுடைமை. பாரதியின் எழுத்துகளை 1949-இல் அரசு வாங்கியதிலிருந்து அது தொடர்கிறது. குடும்பத்துக்குப் பரிவுத்தொகை, மக்களுக்கு நூல். மிக நல்ல ஏற்பாடு. ஆனால் புகழ்பெற்றவர்களுக்கான ஏற்பாடு. பணமே வேண்டாம், அப்பாவின் நூலை யாரும் படிக்கலாம் என்று அனுமதி தர முன்வருகிற சாதாரணக் குடும்பம் எந்த அலுவலகத்தின் எந்த மேசைக்குப் போவது? அதற்கென்று எளிய வழி எதையும் அரசு காட்டவில்லை.

வீட்டுத் திண்ணை போதாது

அனுமதி இருந்தாலும், எங்கே வைப்பது என்ற கேள்வி மிச்சம். முகநூல் பக்கம், இலவச இணையதளம், கூகுள் டிரைவ் ஆகியவைதான் பிள்ளைகளின் கைக்கு எட்டுபவை. ஆரம்பகாலத்து இணையத்தில் எத்தனையோ தனிநபர் பக்கங்களுக்கு இடம் கொடுத்தது ஜியோசிட்டிஸ். யாஹூ நிறுவனம் 2009-இல் அதை மூடியது. கூகுள் 2023 டிசம்பரிலிருந்து, இரண்டு ஆண்டு யாரும் தொடாத தனிநபர் கணக்குகளை நீக்கத் தொடங்கியது. அப்பாவின் மின்னஞ்சலில்தான் அவருடைய கடைசிப் பத்து ஆண்டு எழுத்து இருக்கிறது என்றால் கடவுச்சொல்லைத் தேடவேண்டிய அவசரம் புரியும். 2023-இன் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், இறந்தபின் தன் தரவு உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்க வழி செய்கிறது. வங்கியில் நாமினி போடும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. மின்னஞ்சலுக்குப் போடும் பழக்கம் வரவில்லை.

ஆகவே நிறுவனம் வேண்டும். சிரோமணியின் பக்கம் நிலைப்பதற்குக் காரணம் அது ஒரு நிறுவனத்தின் முகவரியில் இருப்பது. கோட்டையூரில் ரோஜா முத்தையா வாழ்நாள் முழுதும் சேர்த்தவை அவர் 1992-இல் மறைந்த பிறகும் கலையாமல் போனதற்கு, சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி நூலகமாக்கியது காரணம். தரமணியில் இன்று அது ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் இருந்த வேதியியலாளர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களை வைத்தே நடந்தது என்றாலும், ஒரு ஒழுங்கும் பொறுப்பும் இருந்ததால் நிலைத்தது.

ஈழத் தமிழர்களிடம் கற்கவேண்டியது இதைவிட அதிகம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளையொட்டி நினைவு மலர் அச்சிட்டு வழங்குவது பழைய வழக்கம். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, பார்த்த வேலை, வம்சம், பலவற்றில் பக்திப்பாடலோ மருத்துவக் குறிப்போ இருக்கும். 1981-இல் யாழ் நூலகத்தைத் தீக்கு இழந்த சமூகம், 2005-இல் ‘நூலகம்’ என்ற பெயரிலேயே மின்னூலகம் தொடங்கியபோது, இந்த மலர்களையும் நூல்களுக்குச் சமமாகச் சேர்த்தது. ஆசிரியர், தபாலதிபர், வைத்தியர் என்று சாதாரண மனிதர்கள் செய்த வேலை அங்கே தேடினால் கிடைக்கிறது. நம் பக்கத்தில் அதே செலவு ஃபிளெக்ஸ் பேனராகவும் கண்ணீர் அஞ்சலி விளம்பரமாகவும் போகிறது. பதினாறாம் நாள் முடிந்ததும் பேனர் கிழிந்து தொங்கும். அதில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பதுகூடப் பெரும்பாலும் இருக்காது.

எல்லாவற்றையும் ஏற்றிவிடவேண்டும் என்றும் இல்லை. மருத்துவரின் நோயாளிக் குறிப்பு, வழக்கறிஞரின் கட்சிக்காரர் கடிதம், வீட்டுச் சண்டையைச் சொல்லும் நாட்குறிப்பு ஆகியவை மற்றவர்களுக்கும் சொந்தமானவை. தான் எழுதியதில் பாதியைத் தானே ஒதுக்கிய எழுத்தாளரின் விருப்பத்துக்கும் மதிப்பு உண்டு. பிள்ளைகள் தொகுத்தால் புகழ்ச்சி மட்டுமே மிஞ்சும் என்ற குறையும் நியாயமானது. அதனால்தான் தேர்ந்தெடுப்பதிலும் அடுக்குவதிலும் வீட்டுக்கு வெளியே உள்ள ஒரு நூலகருக்கு இடம் வேண்டும்.

செய்யக்கூடியவை எளியவை. ஒவ்வொரு கல்லூரியும் தன் பழைய ஆசிரியர்களின் வெளியீட்டுப் பட்டியலை, துறை தொடங்கிய நாளிலிருந்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் முழுப்பெயரோடு வெளியிடலாம். தர மதிப்பீட்டுக்காகப் புதிய கட்டுரைகளின் பட்டியலை ஆண்டுதோறும் தயாரிக்கும் அலுவலகங்களுக்கு இது பெரிய சுமையல்ல. தமிழ் இணையக் கல்விக்கழகம் தன்னிடம் உள்ள ஸ்கேன் பக்கங்களை எழுத்தாக மாற்றித் தேடுபொறிக்குத் திறந்துவிடலாம். மாவட்ட மைய நூலகங்களில் ஒரு ஸ்கேனரும் ஒரு பொறுப்பாளரும் இருந்தால் பீரோவில் உள்ளவை அங்கே வந்து சேரும்.

வருவாய்த் துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. வாரிசுச் சான்றிதழ் வழங்கும்போது, கூடவே ஒரு தாள் கொடுக்கலாம்: இறந்தவர் எழுதிய நூல், வரைந்த படம், எடுத்த புகைப்படம் ஆகியவற்றின் உரிமையும் நிலம், நகையைப் போல வாரிசுகளுக்கு வருகிறது, அதைப் பொதுமக்கள் பயன்படுத்த விடுவதானால் எல்லா வாரிசுகளும் இங்கே கையெழுத்திடுக, நூல்களை ஒப்படைக்க வேண்டிய நூலகத்தின் முகவரி இது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே அலுவலகத்துக்காகக் கையெழுத்துப் போட ஒன்றுகூடுவது பல குடும்பங்களில் அந்த ஒரு சமயத்தில்தான்.